செவலையின் இடது விலா

சாத்தன்கரை மாட்டாஸ்பத்திரியில், அசை போடுவதை நிறுத்தி நான்கு நாளாகி வயிறு பறை போல உப்பி நின்ற பேச்சியம்மாளின் செவலைப் பசுவை இரும்புக் கூண்டுக்குள் ஏற்றி, இடது விலாவின் மயிரை மழித்து, மரத்துப்போகும் ஊசியை வரிசையாகப் போட்டு, டாக்டர் நஸீமா முதலில் தோலையும் அப்புறம் சதையையும் கடைசியில் பெருவயிற்றையும் ஒன்றரைச் சாண் நீளத்துக்குத் திறந்த செவ்வாய்க்கிழமை காலையில், உள்ளேயிருந்து முதலில் வந்தது வாடைதான். புளித்த கழனித்தண்ணீரும் கருகிய ரப்பரும் பல் விளக்காத வாயும் ஒன்றாகச் சேர்ந்த அந்த வாடை, மூக்கு வழியாகப் போய் நாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டது. எதிர்ப்பக்க டீக்கடையில் வடையைக் கடித்தவர்கள், விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கடித்த வாயோடு நின்றார்கள்.

செங்கமலமும் ஆரோக்கியமும் அந்த ஆஸ்பத்திரியின் பராமரிப்பு உதவியாளர்கள். டாக்டர் சொல்வதைச் செய்கிறவர்கள் என்று அரசாங்கம் சொல்லும். டாக்டர் கை போகாத இடத்துக்கெல்லாம் கை போகிறவர்கள் என்று ஆரோக்கியம் சொல்வார். ஆட்டின் குளம்பிலிருந்து புழுவை நெம்பி எடுப்பது, நாயின் காதுமடலில் உண்ணி பிடுங்குவது, கட்டி உடைத்துச் சீழைப் பிதுக்குவது, வயிற்றுக்குள்ளேயே அழுகிப்போன கன்றைக் காலும் தலையுமாகத் தனித்தனியே இழுத்துப் போடுவது என்று பதினோரு வருஷம் செய்ததில், குமட்டல் என்ற ஒன்றை எங்கோ வைத்துவிட்டு வந்துவிட்டோம் என்றுதான் செங்கமலம் நினைத்திருந்தாள். தோள்வரை நீளும் பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு செவலையின் வயிற்றுக்குள் அவள் கையை விட்டபோது அவளுடைய முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

கையில் அகப்பட்டவை பைகள். மஞ்சள், கறுப்பு, வெள்ளை, துணிக்கடைப் பை, மருந்துக்கடைப் பை, பால் பை. அவளுடைய கை உள்ளே போய்ப் போய் வர, ஆரோக்கியம் பேசினை ஏந்திக்கொண்டு நின்றார். ஐந்து பேசின் நிறைந்தது. வயிற்றுக்குள் கை விட்டவர்தான் 'காலி' என்று சொல்ல வேண்டும், அவர் சொன்ன பிறகுதான் டாக்டர் ஊசியில் நூல் கோக்க வேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரியில் வழக்கம். மத்தியானம் ஒரு மணிக்கு, வயிற்றின் நான்கு மூலையையும் விரல்நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, செங்கமலம் 'காலி' என்றாள். டாக்டர் நூலைக் கோத்தார். முதல் தையல் போடுவதற்குள் செங்கமலம் நிமிர்ந்தாள்.

"டாக்டரம்மா, உள்ள ஒண்ணு கிடக்கு."

"இப்பத்தான் காலின்னு சொன்னே?"

"சொன்னேன். அப்ப காலியாத்தான் இருந்துச்சு."

வெளியே எடுத்தாள். முடிச்சுப் போட்ட வெள்ளைப் பை. உள்ளே கோழி எலும்பும், சப்பிப் போட்ட எலுமிச்சைத் துண்டும், பாதி முட்டையும். பை இன்னும் சூடாக இருந்தது. ஆரோக்கியம் பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றி, பஸ் ஸ்டாண்டு பிரியாணிக் கடைக்குப் போன் போட்டார்.

"பாய், எச்சிலைப் பையெல்லாம் எங்க போட்டீரு?"

"இந்தா, இப்பத்தான் ஓடையில போட்டேன். ஏன் அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல, இங்க மாட்டு வயித்துல இருக்கு."

"அப்படியா? சரி, சாப்பிட வாரீயளா? கொஞ்சந்தான் மிச்சம்."

"வேண்டாம் பாய்."

அப்புறம் ஆரோக்கியம் டீக்கடைக்குப் போய் ஒரு டீ வாங்கி, நின்று நிதானமாகக் குடித்து, காகிதக் கப்பைக் கசக்கி ஆஸ்பத்திரியின் பின்சுவருக்கு மேலே வீசினார். அது சுவருக்கு அந்தப் பக்கம் விழும் சத்தம் வரவில்லை. "வந்துட்டுண்ணே," என்றாள் உள்ளே கைவிட்டிருந்த செங்கமலம். "அடியில கொஞ்சம் டீ கூட இருக்கு. அஞ்சு ரூவா டீயையும் முழுசாக் குடிக்க மாட்டீங்களோ?"

டாக்டர் நஸீமா நோயாளிச் சீட்டில் 'வயிறு தொடர்ந்து நிரம்புகிறது, தையல் ஒத்திவைப்பு' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு, காலையிலிருந்து செவலையின் கொம்பைப் பிடித்தபடியே நின்ற பேச்சியம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, செவலை ஈனுவதற்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது, விலாவில் ஓட்டையோடு முக்கினால் குடல் வெளியே வந்துவிடும், அதனால் ஈனுமுன் தைத்தாக வேண்டும், ஆனால் வயிறு நிரம்பிக்கொண்டே இருந்தால் தையல் தெறித்துவிடும், அதனால் காலியாகாமல் தைக்க முடியாது என்று மெதுவாகச் சொன்னார்.

பேச்சியம்மாள் எழுந்து மறுபடியும் செவலையின் கொம்பைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். செவலையின் பாலை வீடு வீடாக ஊற்றித்தான் அவள் அடுப்பு எரிந்தது.

"ரெண்டு கன்னு செத்துப் பொறந்துட்டு டாக்டரம்மா," என்றாள். "ரெண்டுக்கும் தோலை உரிச்சு உள்ள வைக்கோலை அடைச்சு, அதை முன்னால நிறுத்தித்தான் பால் கறந்தேன். இந்த வாயில்லாச் சீவன் அந்த வைக்கோலை நக்கிக்கிட்டே பால் குடுத்துச்சு. மூணாவதும் வைக்கோல் கன்னுன்னா, அது மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

மறுநாள் சாத்தன்கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. ஊரில் யார் எதை வீசினாலும், கையை விட்டு அது போன கணமே செவலையின் வயிற்றுக்குள் போய் விழுகிறது என்பதை, தாலுகா ஆபீஸ் வேறு தெருவுக்கு மாறியதைப் போல ஊர் கேட்டு வைத்துக்கொண்டது. கிட்டே போய் வீச வேண்டும் என்பதுகூட இல்லை. ஜன்னல் வழியாகக் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் போய்விடும். இரண்டே நாளில் ஓடை தெளிந்தது. சந்தைக்குப் பின்புறம் எத்தனையோ வருஷமாகக் கறுப்பாக இருந்த ஓர் இடம் உண்மையில் செம்மண் தரை என்று தெரியவந்தது. ஈக்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஆஸ்பத்திரிக்குக் குடிவந்தன.

செங்கமலமும் ஆரோக்கியமும் காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் இருட்டும்வரை முறை வைத்துக் கை விட்டார்கள். உள்ளேயிருந்து எடுத்ததைக் கீழே போட்டுவிட்டுக் கையை எடுத்தால் அடுத்த நிமிஷமே அது திரும்ப வயிற்றுக்குள் போய்விடுகிறது என்று தெரிந்துகொள்ள அரைநாள் ஆனது. அதனால் எல்லாவற்றையும் சாக்குகளில் திணித்து, சாக்குகளின் வாயை ஒரே கயிற்றில் கோத்து, கயிற்றின் நுனியைப் பேச்சியம்மாள் கையில் கொடுத்து ஷெட்டில் உட்காரவைத்தார்கள். அவள் மூக்கைச் சிந்தக் கயிற்றை விட்டபோது ஒரு தடவை நான்கு சாக்கு உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் மூக்கைச் சிந்தவில்லை.

சாணியைக் கண்டு செங்கமலம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சீழைக் கண்டும் சுளித்ததில்லை. ஆனால் இந்தப் பைகள் மூன்றாம் நாளே அவளுக்குள் எதையோ புரட்டத் தொடங்கின. மீன் செதிலும் செவுளும் நிறைந்து சிவப்புத் தண்ணீர் ததும்பும் பை, பிள்ளையின் மலம் காய்ந்த டயப்பர்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டிய பை, பத்திரிகைத் தாளில் பொதிந்து அதற்கு மேல் கறுப்புப் பை சுற்றி அதற்கும் மேல் இன்னொரு கறுப்புப் பை சுற்றிய மாதவிலக்குத் துணி, பூசணம் பூத்து மெத்தையாகிப்போன இட்லி, சலூன் மயிர், யாரோ ஒருவரின் மாத்திரைப் பொட்டலத்தோடு சேர்ந்து வந்து அவள் விரலைக் குத்திய ஊசி. எல்லாவற்றையும்விட அவளுக்குத் தாங்க முடியாமல் போனது அந்த முடிச்சுகள்தான். ஒவ்வொரு பையும் அத்தனை அக்கறையாக, பிரயாணத்துக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு போல, இறுக்கி முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

வீட்டில் அவள் ஸ்பூனால் சாப்பிட்டாள். டெட்டாலும் எலுமிச்சையும் சீயக்காயும் போட்டுத் தேய்த்தும் வலது கை வேறு யாருடையதோ போல இருந்தது. புருஷன் மாடியில் பாயை விரித்துக்கொண்டார். அதற்காக அவள் அவர்மேல் வருத்தப்படவில்லை. முடிந்திருந்தால் அவளும் அந்தக் கையைக் கீழே விட்டுவிட்டு மாடிக்குப் போயிருப்பாள்.

நான்காம் நாள் காலையில் அவள் வயிற்றுக்குள்ளிருந்து முதலில் எடுத்தது இரண்டு நீளமான பிளாஸ்டிக் கையுறைகள். முந்தின நாள் சாயங்காலம் அவர்களே கழற்றியவை. விரல்களில் நேற்றைய மீன்செதில் அப்படியே ஒட்டியிருந்தது.

"அண்ணே," என்றாள்.

ஆரோக்கியம் பார்த்தார். இருபது வருஷமாக, சினை ஊசி போட்ட கையுறையோ மடி கழுவிய பஞ்சோ, வேலை முடிந்ததும் கழற்றிப் பின்சுவருக்கு மேலே எறிவது அவர் பழக்கம். எறிவதைக் கண் பார்க்காது. தோள் தானாகச் செய்யும். பேச்சியம்மாளின் வீடு அந்தச் சுவருக்கு அப்பால்தான். செவலை கன்றாக இருந்த காலத்திலிருந்து மேய்ந்ததும் அந்தச் சுவரோரமாகத்தான்.

"பழக்கதோஷம்," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கையுறைகளை வாங்கிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். மேலெல்லாம் ஈரம் ஊறியது, அவர் எடுக்கவில்லை. டாக்டர் நஸீமா வேறு பக்கம் திரும்பி ஊசிமருந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் நகராட்சியின் சுகாதார ஆய்வாளர் வேலாயுதம் ஒரு டிராக்டரோடு வந்தார். தேய்த்த சட்டையும் வாயில் கட்டிய கைக்குட்டையுமாக, கோயிலுக்கு வந்தவர் போலச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தரையைப் பார்த்ததும் திரும்பிப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்.

"முப்பத்தாறு தெருவுல அள்ளினதை இனி ஒரே இடத்துல அள்ளலாம் டாக்டர். எவ்வளவு சௌகரியம்! சாத்தன்கரைக்கு இந்த வருஷம் தூய்மை விருது வந்துரும்."

சாக்குகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய்க் கல்குவாரிப் பள்ளத்தில் கொட்டினார். அவர் கொட்டின நேரத்தில் இங்கே செவலை ஒரு முறை அலறியது. நான்கு நாள் எடுத்ததெல்லாம் ஒரே நிமிஷத்தில் திரும்பி வந்து, விலாவில் கட்டியிருந்த துணியைத் தள்ளிக்கொண்டு பைகள் வெளியே பிதுங்கின. பேச்சியம்மாள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "விடுறா, விடுறா," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வேலாயுதம் வட்டமான ரப்பர் மூடி ஒன்றோடு வந்தார்.

"தைக்கவே வேண்டாம். இந்த மூடியைப் போட்டுவிடலாம். பெரிய காலேஜுகள்ல மாட்டு விலாவில மூடி வச்சு ஆராய்ச்சி செய்யிறாங்க, படிச்சேன்."

"அந்த மாட்டு வயித்துல புல்லு இருக்கும் சார்," என்றார் டாக்டர்.

"இதுலயும் கொஞ்சம் புல்லைப் போடுங்க."

"இது சினை மாடு."

"ஈனட்டும். ஈனின பிறகும் வயிறு வயிறுதானே?"

செங்கமலம் அப்போது தோள்வரை செவலைக்குள் இருந்தாள். யாரிடமும் அதிகம் பேசாதவள். கையை வெளியே எடுத்து, அகப்பட்ட பையை வேலாயுதத்துக்கு நேராக நீட்டி, "இது உங்க வீட்டுது சார்," என்றாள். "தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுல மட்டுந்தான் பையோட வாயைச் சணல் கயித்தால கட்டி, மேல ஒரு பூ முடிச்சு வைப்பாங்க." வேலாயுதம் மூடியை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அது அவர் கையை விட்டதும் எங்கே போனது என்பதைச் செங்கமலம் ஐந்து நிமிஷம் கழித்துக் கண்டுபிடித்தாள்.

அன்றைக்குத்தான் அவளுக்கு யோசனை வந்தது. ஆறு நாளில் ஊரின் முடிச்செல்லாம் அவள் விரலுக்குப் பழகியிருந்தது. மேலத்தெருக்காரர்கள் இரட்டை முடிச்சு. மீன் சந்தையில் முறுக்கிச் செருகிவிடுவார்கள். லாட்ஜில் ரப்பர் பேண்டு. கீழத்தெருக் கனகவல்லி டீச்சர் பையின் இரண்டு காதையும் முறுக்கி நடுவில் ஒரு சுருக்கு. போடுகிறவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன?

ஏழாம் நாள் ஆஸ்பத்திரி வேனில் சாக்குகளை ஏற்றி, கயிற்றோடு பேச்சியம்மாளையும் ஏற்றி, ஆரோக்கியம் ஓட்ட, செங்கமலம் வீடு வீடாக இறங்கினாள்.

"டீச்சர், உங்க பை."

"என் பைன்னு எப்படிச் சொல்லுதே?"

"சுருக்கைப் பாருங்க."

டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "உள்ள என்ன இருக்குன்னு பார்த்தியா?"

"பார்க்கல டீச்சர். பிடிங்க."

டீச்சர் இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். அவர்கள் முப்பது வீட்டில் கொடுத்து முடித்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது, அதே முப்பது பையும் அதே முப்பது முடிச்சோடு செவலையின் வயிற்றில் இருந்தன. டீச்சர் பை மேலாகவே கிடந்தது.

எட்டாம் நாள் முடிச்சுகள் மாறின. மேலத்தெரு முழுவதும் லாட்ஜ் ரப்பர் பேண்டு போட்டிருந்தது. மீன் சந்தைக்காரர்கள் டீச்சர் சுருக்கைப் பழகிக்கொண்டார்கள். ஒருத்தி தன் நாத்தனாரின் முடிச்சை அச்சாகப் போட்டுத் தன் வீட்டு நாற்றத்தை அவள் பேரில் அனுப்பினாள். நாத்தனார் அதைக் கண்டுபிடித்து, ஆஸ்பத்திரி வாசலில் வைத்து இரண்டு பேரும் ஒருவர் மயிரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பிய்ந்த மயிர் தரைக்கு வருமுன் செவலைக்குள் போனது. அடுத்த வீட்டு முடிச்சைப் போடத் தெரிந்த பெண்களுக்கு ஊரில் மதிப்புக் கூடியது. வீசுவதை நிறுத்தலாம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஒரு வீட்டுல அரைநாள் கூடை நிறைஞ்சு நின்னா செத்தாப்போயிருவாங்க?" என்றாள் செங்கமலம்.

"நாத்தம் தாயி," என்றார் ஆரோக்கியம். "அவங்க நாத்தத்தை அவங்களே எப்படித் தாங்குவாங்க? அதுக்குத்தானே நம்மளைப் போட்டிருக்கு."

பதினோராம் நாள், டாக்டர் சொன்ன கணக்குக்கு முந்தியே, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் செவலைக்குப் பனிக்குடம் உடைந்தது. வால் தூக்கி ஒரு முறை முக்கியது. விலாவின் ஓட்டை வாய் போலத் திறந்து மூடியது. உள்ளேயிருந்து ஒரு பால் பையும் சாம்பார் தண்ணீரும் வெளியே தெறித்தன. டாக்டர் நஸீமா நூலும் ஊசியும் எடுத்து வைத்துவிட்டு, "முக்கால் மணி நேரம்," என்றார். "முக்கால் மணி நேரம் உள்ள எதுவும் வராம இருந்தாத் தச்சிருவேன். இல்லேன்னா ரெண்டு உசிரும் போச்சு."

பேச்சியம்மாள் செங்கமலத்தைப் பார்த்தாள்.

தெருவில் ஒரு ஆட்டோ, ஒலிபெருக்கியில் தள்ளுபடி விலையில் கட்டில் பீரோ என்று சொல்லிக்கொண்டு போனது. செங்கமலம் கையுறையோடு ஓடிப் போய் அதை மறித்தாள். ஓட்டுநர் அவள் கையைப் பார்த்ததும் மைக்கைக் கொடுத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். பள்ளிக்கூடத்தில்கூட மேடை ஏறாதவள் அவள்.

"பேச்சியம்மா மாட்டுக்குப் பனிக்குடம் உடைஞ்சுட்டு," என்றாள். அவளுடைய குரல் நான்கு தெருவுக்கு அப்பால் போய்த் திரும்பி அவள் காதிலேயே விழுந்தது. "தைக்கணும். கையில இருக்கதைக் கீழ போடாதீங்க. நான் சொல்லுத வரைக்கும்..."

அதற்கு மேல் வரவில்லை. மைக்கின் வலையில் யாரோ தின்ற வெற்றிலையின் வாடை அடித்தது. அது ஒன்று போதுமாக இருந்தது. பதினோரு நாளாக உள்ளே அழுத்தி அழுத்தி வைத்திருந்தது அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையை அகலமாகத் திறந்துகொண்டு, மைக்குக்குள் ஓங்கரித்தது. சாத்தன்கரை முழுவதும் அந்தச் சத்தம் கேட்டது. சமையலறைக்குள்ளும், வங்கிக்குள்ளும், சலூன் நாற்காலியிலும், வகுப்பறைக்குள்ளும் அந்த ஓங்கரிப்பு பக்கத்தில் நின்று எடுத்தது போலக் கேட்டது. வாய் நிறைய வந்துவிட்டது. துப்பினால் அது எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். செங்கமலம் கண்ணை மூடிக்கொண்டு அதை விழுங்கினாள். விழுங்கிய சத்தமும் ஒலிபெருக்கியில் கேட்டது.

ஊர் நின்றது. முடிச்சுப் போட்ட பையை ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. வீட்டுக்குள் வைத்தால் போதுமா, கையிலேயே வைத்திருக்க வேண்டுமா என்று யாருக்கும் தெரியாததால், எல்லோரும் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். மீன்காரி செவுளை முந்தானையில் ஏந்திக்கொண்டாள். நாவிதர் வெட்டின மயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். காறித் துப்ப இருந்தவர் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார். கல்யாண மண்டபத்தில் அன்று முகூர்த்தம். முதல் பந்தியில் முந்நூறு பேர் சாப்பிட்டு இலையை மடித்து எழுந்திருக்கப் போகிற நேரம். எழுந்திருக்காதீர்கள், இலை மேல் கையை வையுங்கள் என்று பரிமாறுகிறவர்கள் கூவினார்கள். முந்நூறு பேர் மடித்த எச்சில் இலையின் மேல் ஆளுக்கொரு கையை வைத்தபடி உட்கார்ந்திருக்க, அவர்களுக்குப் பின்னால் இரண்டாம் பந்திக்காரர்கள் பசியோடு நின்றார்கள். இலைக்குள்ளிருந்து மோரும் ரசமும் ஒழுகி மேஜை விளிம்புக்கு வந்து மடியில் சொட்டின. "எச்சில் இலைக்கு முன்னால எவ்வளவு நேரம்வே குத்தவச்சிருக்கது?" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் சத்தம் போட்டார். ஆனாலும் கையை எடுக்கவில்லை. அந்த ஓங்கரிப்பு அவர் காதுக்குள் இன்னும் இருந்தது.

செங்கமலம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி ஓடி வந்து செவலைக்குள் கையை விட்டாள். கடைசியாக இருந்த ஆறு பைகளையும் ஒரு ரப்பர் மூடியையும் எடுத்துச் சாக்கில் திணித்தாள். நான்கு மூலையும் தடவினாள். வழவழப்பான, வெதுவெதுப்பான, வெறும் வயிறு. பதினோரு நாளில் முதல் முறையாக அவள் ஒரு மாட்டைத் தொட்டாள்.

"காலி."

டாக்டர் பெருவயிற்றை இரண்டு அடுக்காகத் தைத்தார், அப்புறம் சதையை, அப்புறம் தோலை. பேச்சியம்மாளிடமிருந்த கயிற்றை ஆரோக்கியம் வாங்கிக்கொண்டார். கடைசித் தையலின் நூலை வெட்டுவதற்குள் செவலை கால் மடங்கி விழுந்தது. பின்புறம் இரண்டு வெள்ளைக் குளம்பும் அதற்கு மேல் ஒரு மூக்கும் தெரிந்தன. செங்கமலம் முட்டி போட்டு இழுத்தாள். செவலை முக்கின ஒவ்வொரு முறையும் எல்லோரும் விலாவையே பார்த்தார்கள். தோலில் ஒரு தையல் பிரிந்தது. மற்றவை பிடித்துக்கொண்டன. கன்று வழுக்கிக்கொண்டு வந்து அவள் மடியில் விழுந்தது. மூச்சில்லை. அவள் அதன் வாய்க்குள் விரலை விட்டுக் கோழையை வழித்தாள், மூக்கில் வைக்கோலைச் செருகினாள், காதுக்குள் தண்ணீரை ஊற்றினாள். கன்று தும்மியது. அந்தத் தும்மலில் தெறித்தது அவள் முகம் முழுவதும் அப்பியது, அவள் துடைக்கவில்லை.

"கிடேரி," என்றாள்.

பேச்சியம்மாள் தரையில் உட்கார்ந்து கன்றின் வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள், உள்ளே வைக்கோல் இல்லை என்று நம்புவதற்கு அவளுக்கு நேரம் பிடித்தது.

ஒரு மணி நேரம் கழித்து நஞ்சுக்கொடி விழுந்தது. செவலை திரும்பி அதைத் தின்னப் போனது. தைத்த வயிறு, தின்னக் கூடாது. செங்கமலம் இரண்டு கையாலும் அதை வாரி எடுத்துக்கொண்டு எழுந்தாள். கையுறை மாட்ட நேரமில்லை. கல்லீரல் நிறத்தில், குமிழ் குமிழாக, சூடாக, நான்கைந்து கிலோ கனத்தில் அது விரல் இடுக்கில் எல்லாம் நழுவியது. நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி, கண்மாய்க்கரை ஆலமரத்தில் தொங்கவிடுவது அந்தப் பக்கத்தில் வழக்கம். அப்போதுதான் பால் நிறையச் சுரக்கும் என்பார்கள். பேச்சியம்மாள் சாக்கு எடுக்க எழுந்தவள், பாதியில் நின்றாள்.

"தாயி, மரத்துல தொங்கவிட்டாலும் கையை விட்டதுதானே?"



"புதைச்சா?" என்றார் டாக்டர்.

"அதுவும் கையை விடணுமே டாக்டரம்மா," என்றாள் செங்கமலம். எல்லோரும் செவலையின் விலாவைப் பார்த்தார்கள். மழித்த தோலில் நூல் கறுப்பாக, ஈரமாக, இறுக்கமாக இருந்தது.

வாசலில் ஊர் வந்து நின்றது. அவரவர் பையோடும், செவுளோடும், மயிரோடும் வந்திருந்தார்கள். கல்யாண மண்டபத்திலிருந்து பட்டுச்சேலையும் வேட்டியுமாக மடித்த இலையை ஏந்திக்கொண்டு ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. முன்னால் நின்றது கனகவல்லி டீச்சர். பையைத் தன்னிடமிருந்து எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ அவ்வளவு தூரம் நீட்டிப் பிடித்திருந்தாள்.

"கன்னு நல்லாருக்கா?"

"நல்லாருக்கு டீச்சர்."

"அப்ப, இதைக் கீழ வைக்கலாமா?"

"தையல் காயணும் டீச்சர்."

"எப்பக் காயும்?"

செங்கமலம் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் நஸீமா ஊர் முழுவதையும் ஒரு முறை பார்த்துவிட்டு, "பதினாலு நாள்," என்றார்.

வெயில் ஏறியது. நஞ்சுக்கொடியிலிருந்து ஒழுகியது செங்கமலத்தின் முழங்கையைத் தாண்டி ஜாக்கெட்டுக்குள் இறங்கியது. ஈக்கள் முதலில் அவளிடம் வந்தன, கையில், கழுத்தில், உதட்டில் உட்கார்ந்தன. ஓட்டுவதற்கு அவளுக்குக் கை இல்லை. சாக்குக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்த ஆரோக்கியத்துக்கும் இல்லை. அவர் கயிற்றை இழுத்துக்கொண்டே நகர்ந்து வந்து, அவள் முகத்துக்கு நேரே குனிந்து, வாயால் ஊதினார். ஈக்கள் எழுந்து டீச்சரிடம் போயின. டீச்சருக்குப் பக்கத்தில் நின்ற மீன்காரி கொஞ்சம் தயங்கிவிட்டு டீச்சர் முகத்தில் ஊதினாள். சிறிது நேரத்தில் வாசலிலிருந்து கல்யாண மண்டபம்வரை, ஒருவர் வாய்நாற்றம் இன்னொருவர் முகத்தில் பட, ஊர் ஒருவரையொருவர் ஊதிக்கொண்டு நின்றது.